ஏழாவது ஷீட்

ஹலோ... ஹலோ, மாப்ள? சொல்லு... மெதுவா சொல்லு, ஒண்ணும் புரியல. யாரு கதவ இடிக்கறா?... வெல்டரா? அவர் எதுக்கு உன்ன...

ஐயோ. அவர் தம்பி கை புது மெஷின் ரோலர்ல மாட்டிடுச்சா? பட்டன அடிச்சும் நிக்கலையா? எந்தக் கை?... மணிக்கட்டு வரைக்குமா?... சரி. சரி சரி. அவர் தம்பிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயாச்சா?... ம்... ம்.

நீ எங்க இருக்க? கரண்ட் பேனல் ரூமா? தாழ்ப்பாள் போட்டிருக்கியா?... தலைல ரத்தமா? துணி எதாவது எடுத்து அழுத்திப் பிடி. அழாத. உங்க அக்கா இங்கதான் நிக்கறா, காதுல விழப்போகுது.

என்னது... உன் கைய ரோலருக்குள்ள வெச்சு, அவசர பட்டன அடிச்சுப் பாக்கப் போறாங்களா? வயர் மாட்டுன கைங்கறதுக்காகவா?

கதவத் திறக்காத. முதல்ல அந்த மெஷினோட மெயின் ஹேண்டில கீழ இறக்கு... இறக்கிட்டியா? பூட்டு போடு. சாவிய ஜட்டிக்குள்ள போட்டுக்க... சிரிக்கறான் பாரு. இனி அந்த மெஷினால உன்ன ஒண்ணும் பண்ண முடியாது. மனுஷங்கள அப்புறம் பாப்போம்.

பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு பை இருக்கும், அதுல என் டிராயிங்க எடு. ஏழாவது ஷீட். ரோலர் மோட்டார் பக்கத்துல, அத நிறுத்தற ரிலேக்கு என்ன நம்பர் போட்டிருக்கு?... திரும்பப் பாரு... நாலா? அஞ்சுல்ல இருக்கணும்.

இரு, இங்க லேப்டாப்லயும் திறக்கறேன்... கேக்குது, கேக்குது. கடப்பாரையா? அந்த இரும்பு பீரோவ இழுத்து முட்டுக் குடு.

பாரு, இந்த டிராயிங் சாஃப்ட்வேர்ல ப்ராஜெக்ட்ங்கறது தனித்தனிப் படம் இல்ல. பத்து ஷீட்டையும் ஒரே கயித்துல கட்டி வெச்ச மாதிரி. மூணாவது ஷீட்ல ஸ்டாப் ரிலேவ நாலுலேருந்து அஞ்சுன்னு மாத்தினேன்னு வெச்சுக்க, அது ஏழாவது ஷீட்டத் தானே தேடிப் போய் அங்கயும் மாத்திடும். நான் தொடவே வேண்டாம். அவ்வளவு அழகுடா அது... சரி, சரி, திட்டாத. அடி வாங்கினது நீதான், தெரியுது.

ஆனா ஒண்ணு. லிஸ்ட்ல எந்த ப்ராஜெக்ட் பேரு தடி எழுத்துல இருக்கோ, அதுக்குள்ளதான் போய் மாத்தும். பழைய மெஷினக் காப்பி பண்ணித்தான் புதுச வரைஞ்சேன், ரெண்டும் ஒரே ஜாடை. ரெண்டையும் திறந்து வெச்சுக்கிட்டு...

...

லைன்லதான் இருக்கேன், லிஸ்டப் பாக்கறேன்.

மாப்ள. தடி எழுத்துல இருக்கறது பழைய மெஷின் பேரு.

நீ சரியாத்தான் மாட்டியிருக்க. ஷீட்ல இருந்தத மாட்டியிருக்க. தப்பு என் மேஜைல... இல்லடா, உன்னக் காப்பாத்தறதுக்காகச் சொல்லல. புதுசுல நாலாவது ரிலே வெறும் விளக்குக்கு. பட்டன அடிச்சா விளக்குதான் அணையும், ரோலருக்குத் தகவலே போகாது. நீ செக் பண்ண அன்னைக்கு ரோலர் மோட்டாரே வந்து சேரலையே, எப்படித் தெரியும்?

போன ஸ்பீக்கர்ல போடு. அவர்கிட்ட நான் பேசறேன்... மாப்ள? என்ன சத்தம் அது? கதவு உடைஞ்சிடுச்சா?... அடிக்காதீங்க. அண்ணே, அவன அடிக்காதீங்க, போனக் கையில எடுங்க... ஆமா, அவன் அக்கா புருஷன்தான். படம் வரைஞ்சதும் நான்தான்... ஆமாண்ணே... ஆமா, வைக்கறதா இருந்தா என் கையத்தான் வைக்கணும். ஓட மாட்டேன். அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கங்க...

இருங்க. ஒரு நிமிஷம். பின்னாடி என்ன ஓடுது? மெயின இறக்கியாச்சே... அடுத்த ஷெட்டா? பழைய மெஷினா?

மாப்ள, கேக்குதா? போன வாரம் பழைய மெஷினுக்குன்னு புது பிரிண்ட் அனுப்புனேனே, அதப் பாத்து வயர் மாத்திட்டியா?... முழுசாவா?... அதுக்கப்புறம் யாராவது அந்த பட்டன அடிச்சுப் பாத்தாங்களா?

அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. புது மெஷினுக்கு வர வேண்டிய அஞ்சு காணாமப் போகல. பழைய மெஷினோட ஷீட்ல போய் உக்காந்திருக்கு. அதோட ஸ்டாப் ரிலே இன்னும் நாலுதான், அதனால அங்கயும் பட்டன அடிச்சா ரோலர் நிக்காது. இப்போ அதுல யாரு நிக்கறா?

உங்க வீட்டம்மாவா?

என்ன அப்புறம் கொல்லுங்க, இப்போ ஓடுங்க. பட்டன நம்பாதீங்க. சுவத்துல சிவப்பு ஹேண்டில், கீழ இழுங்க, கீழ... மாப்ள, போயிட்டாரா?... கடப்பாரையோடயா ஓடறாரு? சரி ஓடட்டும். உன்னால எந்திரிக்க முடியுதா?... முடியாட்டி படுத்துக்க.

இன்னும் சத்தம் வருதே... இன்னும் வருது...

நின்னுடுச்சு. நின்னுடுச்சுல்ல? மாப்ள, அந்தம்மா கையப் பாக்கச் சொல்லு. ரெண்டும்?... ரெண்டும் இருக்கா?... அப்பாடா.

ம்.

அவர் திரும்பி வராரா?... உன் பக்கமா?... இல்ல, நீ பேசாத. போன அவர்கிட்ட நீட்டு.

அண்ணே... ம்... ம். எழுதிக்கங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மருந்துக்கடை மாடி. பதினாலு படி, இடது பக்கம். லேப்டாப்ப மூட மாட்டேன், ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன், வந்து நீங்களே பாருங்க. கதவு திறந்துதான்...

அண்ணே?... லைன் கட்டாயிடுச்சு. கிளம்பிட்டாரு போல.