குறை சொல்லுங்கன்னு அவதான கேட்டா

...இல்லண்ணே, மெஷின்ல கோளாறு இருந்தா நான் ஏன் பாடத்தக் கொற சொல்லப் போறேன்? பாடத்துலதான் கோளாறு. அவ என்னடான்னா போன்லயே மெஷின்லங்கறா. சரி, ரிப்பேர் பாக்குறவர் வாயாலயே கேட்டுருவோம்னு லேப்டாப்பத் தூக்கிட்டு வந்துட்டேன். அந்த திருப்புளிய கீழ வையுங்க. மொதல்ல கேளுங்க.

என் நாத்தனார் இருக்காளே... இருந்த நல்ல வேலைய விட்டுட்டு, கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கு புரோகிராம் எழுதச் சொல்லித் தரப்போறேன்னு கெளம்பிட்டா. இன்னைக்கு நாலு மணிக்கு மொத வகுப்பு. பதினோரு பேரு. இது ஊத்திக்கிச்சுன்னா திரும்ப பழைய ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும். அந்த மேனேஜர் மூஞ்சிய நான் பாத்துருக்கேன், அது... சரி, அது வேற கதை.

போன வாரம் பாடத்த எடுத்துட்டு வந்து, "கொறையச் சொல்லுங்க அண்ணி, உங்களுக்கே புரிஞ்சுட்டா எல்லாருக்கும் புரிஞ்சுரும்"னா. பேச்சப் பாத்தீங்களா? பதினெட்டு வருஷம் அச்சாபீஸ்ல பிழை திருத்துனவ நான். எனக்குச் சுருக்குன்னுச்சு. செவப்புப் பேனாவ எடுத்துட்டேன்.

நாகரிகமாத்தான் சொன்னேண்ணே. எடுத்த எடுப்புல திட்டக் கூடாது பாருங்க, அதனால மேல "அட்டை அழகா இருக்கு"ன்னு எழுதுனேன். அப்புறந்தான் நாப்பத்தி மூணு கொற. பின்ன என்ன? டப்பாங்கறா, டப்பாக்குள்ள உங்க பேரப் போடுங்கங்கறா. எந்த டப்பா, எவ்ளோ பெருசு, மூடி இருக்கா? மூச்சு விடல. எண்ணும்போது பூஜ்யத்துலேருந்து எண்ணணுமாம். எந்த வீட்டுலண்ணே மூத்த புள்ளய பூஜ்யம்பாங்க?

மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்னு பாத்தா, "சரி அண்ணி"ன்னு வாங்கிட்டுப் போயிட்டா. ரெண்டு நாள்ல திருத்துன பிரதி வந்துருச்சு. சரி, இதையாவது செஞ்சு பாப்போம்னு ஒக்காந்தேன். ஆமா, மொத தடவ படிக்க மட்டுந்தான் செஞ்சேன். பிழை திருத்துறவ படிப்பாளா, செஞ்சுகிட்டு இருப்பாளா?

மொத பாடத்துக்கு புரோகிராம அவளே எழுதிக் குடுத்துட்டா. ஓட்டுனேன், "வணக்கம்"னுச்சு. நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ரெண்டாம் பாடத்துல "வணக்கத்த எடுத்துட்டு வேற வார்த்தை போடுங்க"ன்னா. "வாங்க வாங்க"ன்னு போட்டேன். ஓட்டுனா மறுபடி வணக்கம். அழிச்சு அடிச்சேன், வணக்கம். பெரிய எழுத்துல அடிச்சேன், வணக்கம். பதினேழு தடவண்ணே. அவ்ளோ மரியாத எனக்கு ஆயுசுல கெடச்சதில்ல.

நீங்களே ஓட்டிப் பாருங்க... என்னது, ரெண்டே பட்டன்தான தட்டுனீங்க? வாங்க வாங்கன்னு வருதே. என்ன பண்ணீங்க? சேமிச்சீங்களா? ஒவ்வொரு தடவ மாத்துனாலும் சேமிக்கணுமா...

எங்க, மாத்துனதும் மேல வருதே, இந்தப் புள்ளியா? சேமிக்கலன்னு காட்டுற புள்ளியா இது? தூசின்னு ரெண்டு நாளா துடைச்சுகிட்டு இருக்கேன்.

ஐயய்யோ.

அவ எழுதாம இல்லண்ணே. "சேமிச்சுட்டு ஓட்டுங்க"ன்னு ஒவ்வொரு பாடத்துலயும் எழுதித்தான் வெச்சிருந்தா. பதினாலு எடத்துல. சொன்னதையே சொன்னா கோடு போட்டு அடிக்கிறதுதான எம் பொழப்பு... பதினாலையும் அடிச்சேன். ஓரத்துல "படிக்கிறவங்கள மக்குன்னு நெனைக்காதே"ன்னு வேற எழுதுனேன்.

மணி என்னண்ணே? நாலரையா? போன எடுக்க மாட்டேங்குறா. வகுப்புக்குள்ள போயிருப்பா. பதினோரு பேரும் மாத்தி மாத்தி அடிச்சுட்டு அவ மூஞ்சியப் பாத்துகிட்டு ஒக்காந்துருப்பாங்க. சேமிக்கிறது அவளுக்குக் கைப்பழக்கம், அதுல சந்தேகமே வராது. அவளும் மெஷின்ல கோளாறுன்னு தேடிகிட்டு இருப்பா.

குடுங்க, மூடிக் குடுங்க. பக்கத்துத் தெருதான், நானே ஓடுறேன். எல்லாரு முன்னாடியும் நின்னு, அந்த வரிய அடிச்சது நாந்தான்னு சொல்லிடுறேன். வேற வழியில்ல.

நாப்பத்தி மூணுல ஒண்ணக்கூட அவ விடலண்ணே. நான் ரோஷத்துல எழுதுனேன். அவ நம்பித் திருத்தியிருக்கா.