கமா அண்ணனின் பிழைச் செய்திகள்

தலைமை வகிக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கதவோரமாக இடம் பிடித்திருக்கும் என்னைப் போலவே வம்பு பேசும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். "அஞ்சலிக் கூட்டம், இன்னிக்காவது அடக்கி வாசிப்பா" என்று சொல்லித்தான் என்னை மேடையேற்றினார்கள். முயல்கிறேன்.

நம் ஆய்வு மையத்தின் மூத்த புள்ளியியலாளரை நம்மில் யார் பெயர் சொல்லி அழைத்தோம்? எல்லோருக்கும் கமா அண்ணன்! தேர்தல் முடிவுக் கோப்பில் ஒரு கமா இடம் மாறினால் டெபாசிட் இழந்தவர் அமைச்சராகிவிடுவார் என்று பயந்தவர் அல்லவா!

தேர்தல் முடிவுகள் பொதுச்சொத்து. அரசுத் தளத்தில் கிடக்கின்றன. ஆனால் வீடு நிறையப் பாத்திரம், எதற்கும் மூடி பொருந்தாத கதை. ஆண்டுக்கொரு தலைப்பு, தொகுதிக்கொரு வடிவம். அண்ணன் நம் புள்ளியியல் மென்பொருளுக்கு ஒரு துணை நிரல் எழுதினார். தொகுதியையும் ஆண்டையும் தட்டினால் சுத்தமான அட்டவணை வந்து நிற்கும். மாணவர், நிருபர், தோற்றுப்போன வேட்பாளர், யாரும் எடுக்கலாம்.

தப்பாகத் தட்டினால்? அங்கேதான் இருந்தார் அண்ணன்! "அந்த வருஷம் தேர்தலே நடக்கல. காபி குடிச்சிட்டு வந்து தட்டு." நேரில் நாலு வார்த்தை பேசாத மனிதர், பிழைச் செய்தியில் வெளுத்து வாங்கினார். என் கணினிக்கு மட்டும் தனிச் செய்தி: "மறுபடியும் நீயா?"

அண்ணியிடம் சொன்னேன். "வீட்ல 'ம்'னு மட்டும்தான் சொல்வாரு. மிச்சத்தையெல்லாம் அங்க கொட்டியிருக்காரு பாருங்க தம்பி" என்றார்.

போன வாரம் அரசுத் தளம் முகவரியை மாற்றியது. நிரல் படுத்துவிட்டது. தேர்தலோ நெருங்குகிறது. 'பார்த்துக்க ஆள் இல்லை, மூடிவிடலாம்' என்று ஒரு யோசனை ஓடுகிறதாம். வம்பு என் காதுக்கு வராமல் வேறெங்கே போகும்? நேற்று நானும் தட்டிப் பார்த்தேன். திரையில் வழக்கமான "மறுபடியும் நீயா?"வுக்குக் கீழே, எப்போதோ எழுதி வைத்த வரியில் அண்ணன் பேசினார்: "தளத்த மாத்திட்டாங்க போல. எனக்கு ஒரு வரி எழுதுங்க, சரி பண்ணித் தரேன்."

எழுதியிருக்கிறார்கள், நண்பர்களே! அவருடைய மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிகிறது. "சார், வரமாட்டேங்குது சார்." அவர் போய்விட்டது அவர்களுக்குத் தெரியாது.

மூடலாமா? கூடாது! இயக்குநர் இப்போது தலையசைத்தார், சபையே சாட்சி. நாங்கள் ஐந்து பேர் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறோம். நிரலில் தளத்தின் முகவரியை மாற்றுவோம், அந்த வரியை மாற்ற மாட்டோம். எப்போதும்போல் அண்ணனுக்கே எழுதுங்கள். நாங்கள் சரி செய்து தருவோம்.

கொஞ்சம் தாமதமாகலாம். முதலில் நான் "மறுபடியும் நீயா?"வைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.