ஆடாத வேலிக்கால்

— அதை இறக்காதே. வண்டியிலேயே கிடக்கட்டும்.

— ஏங்க்கா? பாக்க வழுவழுன்னு நல்லாத்தானே இருக்கு?

— வழுவழுப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்ண, முத்தம் குடுக்கவா? சுத்தியலை எடுத்து அடிப்பக்கம் ஒரு தட்டு தட்டு தம்பி. என்ன சத்தம் வருது?

— பொத்துன்னு.

— உள்ள சரக்கு இல்ல. இப்ப அந்தாண்ட கிடக்குறதைத் தட்டு.

— இது ணங்குன்னு கேக்குது.

— அது வைரம் பாஞ்ச மரம். அதை இறக்கு. வெட்டின முகத்தைப் பாரு, கருப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு. ஓரத்து வெள்ளை ஒரு விரல் அகலத்துக்கு மேல இருந்தா தள்ளிடு, வெறும் சக்கை. பெரிய முடிச்சு இருந்தாலும் தள்ளிடு. இடிச்சா அங்கதான் விட்டுப்போகும்.

— அக்கா, இப்படிப் பொறுக்கினீங்கன்னா பாதி வண்டி திரும்பிப் போகும். மரக்கடைக்காரன் என்னை உசுரோட விடமாட்டான்.

— கண்ணை மூடிக்கிட்டு ஏத்திட்டு வந்தது நீங்கதானே? என் தம்பி பொண்டாட்டிக்கு அண்ணனாச்சேன்னு மரியாதையா பேசிட்டு இருக்கேன்.

— எனக்கென்ன, நான் சிமெண்ட் குழைக்கிறவன். நீங்க விளக்குமாத்துக் குச்சியை நடச் சொன்னாலும் நட்டுட்டுப் போறேன்.

— மைனர் ஒரு மோது மோதினா உங்க விளக்குமாத்துக் குச்சி பறந்து போய் ரோட்டுல விழும்.

— மைனரா? அது யாரு?

— அந்தா, மான் கூட்டத்துல கொம்பைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான் பாருங்க. காலையில குளத்துல தன் மூஞ்சியைப் பாக்காம மேய வரமாட்டான். அவன் பக்கத்துல காது மடங்கினது மாமியார், நாள் பூரா யாரையாவது முட்டித் திட்டிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பின்னால நிக்கிற குட்டி ஒட்டுப்புல். புட்டிப்பால் குடுத்து வளத்தேன், என் காலை விட்டு நகராது. நடக்கும்போது தடுக்கி விழுறது நான்தான்.

— அக்கா எல்லாத்துக்கும் பேரு வெச்சிருக்கு மச்சான். எனக்கு மட்டும்தான் டேய்.

— டேய், பேசாம மரத்தை இறக்கு. நான் தீவனம் வெச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள தார் டப்பாவைத் திறக்காதீங்க.

— தார் பூசலைன்னா அடி மக்கிடும்க்கா. அஞ்சாறு வருஷம்கூடத் தாங்காது.

— மக்கினா மக்கட்டும். அந்த வாடை பட்டா ஒண்ணுகூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது.

— போயிட்டாங்களா?

— போயிடுச்சு. மெதுவா பேசுங்க மச்சான்.

— எனக்கென்ன, நான் சத்தமாவே பேசுவேன். மாப்ள, நீ இன்னும் சொல்லலையா?

— எப்படிச் சொல்றது? நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் மரத்தைப் பத்தி ஏதாவது கேட்டுட்டு மூடிட்டேன்.

— நூல் கட்டியிருக்கிற லட்சணத்தைப் பாத்தாலே தெரியுதே. இந்தப் பக்கம் அகலமா ஆரம்பிச்சு, அந்தப் பக்கம் போகப் போக புனல் மாதிரி ஒடுங்குது. மான் தங்குற பட்டியை எவனாவது இப்படிக் கட்டுவானா?

— பூங்கா மேனேஜர் சொல்லிட்டாரு. போன மாசம் செத்த மானை அறுத்துப் பாத்தாங்களாம். வெறும் நெஞ்சுச் சளி இல்லையாம், தொத்து நோயாம். சுத்துவட்டார மாட்டுக்கெல்லாம் பரவுமாம். ஒண்ணைக்கூட மிச்சம் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. வியாழக்கிழமை எல்லாத்தையும் இதுக்குள்ள ஓட்டி, ஒடுங்குற இடத்துல வெச்சு ஊசி போட்டுடுவாங்க.

— குட்டிக்குமா?

— குட்டிக்கும்தான்.

— வைத்தியம் கிடையாதா?

— கிடையாதாம். நானும் கேட்டேன். வேற எங்கேயாவது கொண்டுபோய் விடலாமான்னும் கேட்டேன். ஏற்கெனவே வேற வழியெல்லாம் பாத்துட்டோம், நீ வேலியைப் போடுறியா வேற ஆளைப் பாக்கவான்னு கேட்டாரு. உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே, அந்தம்மா கத்தி ஊரைக் கூட்டிடும்னாரு.

— நீயும் சரின்னு வந்துட்ட.

— நான் வரலைன்னா மட்டும் நின்னுடுமா மச்சான்? வேற எவனோ வந்து ஏனோதானோன்னு நட்டுட்டுப் போவான். அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரியெல்லாம் இதையே யோசிச்சுப் பாத்துட்டேன்.

— அக்காவுக்கு ஜாடைமாடையாகூடத் தெரிஞ்சிருக்காதுன்னு நெனைக்கிறியா?

— தெரிஞ்சா இப்படித் தட்டித் தட்டி மரம் பொறுக்குமா? பெத்த பிள்ளைக்கு வீடு கட்டுற மாதிரி இல்ல பாத்துப் பாத்துச் செய்யுது!

— வர்றாங்க. கடப்பாரையை எடு, கடப்பாரையை எடு.

— என்னடா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஒரு குழிகூட முடியலையா?

— இந்தக் குழியில பாறை தட்டுதுக்கா. முழங்கால் ஆழம்தான் போகுது. இந்த ஒரு காலை மட்டும் கொஞ்சம் அறுத்து நட்டுக்கலாம்னு...

— அறுக்காதே. பாறையை உடை.

— ஒரு கால்தானே? ரெண்டு பக்கமும் ஆழமா நிக்குது, கம்பி வலை இழுத்துப் பிடிச்சுக்கும்.

— ஒரு கால் ஆடினா போதும்டா. மிரண்ட மான் எல்லாம் சேர்ந்து அந்த இடத்துலதான் போய் விழும். எப்படித்தான் கண்டுபிடிக்குமோ தெரியாது. கால் முறிஞ்சு, கம்பியில கழுத்து மாட்டி... நான் பாத்திருக்கேன். உயிர் போறதுக்குள்ள பொழுது போயிடும். உடை.

— குடு மாப்ள, நான் உடைக்கிறேன். எனக்கென்ன, இடுப்புதானே போகப்போகுது.

— மூலைக்கு மூணு காலா வளைச்சு நடுங்க. முக்கு இருக்கக் கூடாது. முக்குன்னு ஒண்ணு இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுக்கிடும். மூலைக் காலுக்கு வெளிப்பக்கம் முட்டுக் கட்டை குடுத்துடுங்க. வலை உள்பக்கம் வரணும், மோதினா மரத்து மேல சாயணும், ஆணி பிடுங்கிட்டு வரக் கூடாது. கம்பி வெட்டின முனையெல்லாம் வெளியில திருப்பி மடக்கு.

— சரிக்கா.

— வலைக்கு மேல சாக்கு கட்டணும். ஆள் உயரத்துக்கு, இடைவெளியே இல்லாம.

— சாக்கு எதுக்குங்க அக்கா?

— வெளியில இருக்கிறது தெரிஞ்சா அந்தப் பக்கம் வழி இருக்குன்னு நெனச்சு முட்டும். ஒண்ணும் தெரியலைன்னா, முன்னால போறது பின்னாலேயே அமைதியா போகும்.

— அக்கா... வியாழக்கிழமை நீ எங்க வீட்டுக்கு வந்துடேன்.

— எதுக்கு?

— சும்மாதான். உன் தம்பி பொண்டாட்டி உன்னைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா.

— அவளா? போன வாரம் பாத்ததுக்கு மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாளே, அவளா?

— என் தங்கச்சி அப்படித்தாங்க. திட்டுவா, அப்புறம் தேடுவா.

— வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கு. வெள்ளிக்கிழமை வேணும்னா வர்றேன். வெள்ளிக்கிழமைக்கு மேல எப்ப கூப்பிட்டாலும் வர்றேன்.

— வியாழக்கிழமைதான்க்கா வேணும். லீவு போட்டுடு. நீ எப்ப லீவு போட்டிருக்க?

— தூக்குக்குண்டைப் பிடி. இந்தக் கால் இடது பக்கம் சாயுது பாரு.

— மச்சான், தண்ணி தீந்துபோச்சு. ரெண்டு குடம் எடுத்துட்டு வாங்களேன்.

— தண்ணி இருக்கே மாப்ள... ஓ. சரி, சரி. எனக்கென்ன, போறேன். மெதுவாவே வர்றேன்.

— எதுக்குடா அவரை விரட்டின? தொட்டியில தண்ணி தளும்புது.

— அக்கா, கொஞ்சம் உக்காரு.

— உக்காந்தா மரத்தை யாரு பிடிப்பா? நான் நேரா பிடிச்சுக்கிறேன், நீ மண்ணைப் போடு. ஒரு கை மண்ணு, ஒரு சுத்து குத்து. மொத்தமா கொட்டிட்டு மேல மட்டும் குத்தினா உள்ள இறுகாம பொலபொலன்னு நிக்கும்.

— இது தங்குற பட்டி இல்லக்கா.

— குத்து.

— நீ நெனைக்கிற மாதிரி நிழலுக்குக் கூரை, தண்ணித் தொட்டி, எதுவும் வராது. மேனேஜர் உன்கிட்ட என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. என்கிட்ட வேற சொன்னாரு. அந்தச் செத்த மான்... அது வெறும் சளி இல்லையாம்.

— கடப்பாரையைத் திருப்பிப் பிடி. கட்டைப் பக்கத்தால குத்து.

— அக்கா, நான் சொல்றது காதுல விழுதா? எல்லாத்தையும் கொல்லப் போறாங்கக்கா. மைனர், மாமியார், எல்லாத்தையும். உன் ஒட்டுப்புல்லையும். அதுக்குத்தான் இந்த வேலி. அதைக் கட்டுறவன் உன் கூடப் பிறந்தவன். என்னை அடி, திட்டு, ஏதாவது பண்ணு. என்னால முடியலை.

— அழாதே. கண்ணுல மண்ணு போகும்.

— உனக்குக் கோபமே வரலையா?

— யாரு மேல வரும்? நோயைப் போய்த் திட்டவா?

— கத்துவன்னு சொன்னாரு மேனேஜர். ஊரைக் கூட்டுவன்னு சொன்னாரு. கூட்டுக்கா. நானும் வர்றேன். ரெண்டு பேரும் போய் கேட்டு முன்னால உக்காரலாம்.

— உக்காந்தா? இருமல் நின்னுடுமா? நேத்து ராத்திரி மாமியார் இருமினது என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. இன்னைக்குக் காலையில ஒட்டுப்புல்லும் ஆரம்பிச்சுடுச்சு. மூணு டாக்டர் கையைப் பிடிச்சுக் கேட்டுட்டேன் தம்பி. மூணு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்க.

— அக்கா... உனக்குத் தெரியுமா?

— மரத்தை விட்டுடாதே. இப்பத்தான் நேரா நிக்குது.

— எப்பலேர்ந்து தெரியும்?

— உனக்கு முன்னாலேயே. தூரத்துல இருந்து சுட்டுடலாம்னு பேசிக்கிட்டாங்க. ஓட ஓடச் சுடுவாங்களாம். ஒண்ணு விழுறதை இன்னொண்ணு பாத்துக்கிட்டே ஓடும். வேண்டாம், உறுதியா ஒரு வேலி போடுங்க, என் தம்பியை விட்டுப் போடச் சொல்லுங்க, அவன் ஏமாத்தாம நடுவான்னு கால்ல விழாத குறையா கேட்டேன். எனக்குத் தெரியும்னு உன்கிட்ட காட்டிக்க வேண்டாம்னும் மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சேன்.

— ஏங்க்கா என்கிட்ட சொல்லலை?

— நான் என் வாயால சொல்லியிருந்தா நட்டிருப்பியா?

— மாட்டேன்.

— அதான்.

— வியாழக்கிழமை மட்டும் நீ இங்க இருக்காதேக்கா. வேற யாராவது ஓட்டிட்டு வரட்டும். அந்தக் கண்றாவியை நீ பாக்க வேண்டாம்.

— வேற யாரு கூப்பிட்டா வரும்?

— வராட்டிப் போகட்டுமே! ஊசி போட வர்ற மாட்டு டாக்டர் ஏதோ பண்ணிக்கட்டும். அவருதானே நூல் பிடிச்சு அளவு போட்டாரு?

— ஒடுங்குற முனையில அவரு ஒத்தை மான் நுழையிற அகலம்தான் போட்டாருடா; தனியா நின்னா நடுங்கும், குட்டி தாய் பக்கத்துல நிக்கட்டும், எதிர்ல நான் நின்னு பேரு சொல்லிக் கூப்பிடுறேன், ரெண்டு மான் சேர்ந்து வர்ற அளவுக்கு வைங்கன்னு நூல் கட்டின முளையைப் பிடுங்கித் தள்ளி அடிச்சது நான்தான்.