அரை நிமிட மேளம்

ஓர் ஆளின் நடையைப் பார்த்தே அவர் போனுக்கு எந்த மணி பொருந்தும் என்று நான் சொல்லிவிடுவேன். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடைக்குள் வந்தீர்களே, அப்போதே முடிவு செய்துவிட்டேன். உங்களுக்கு நாதஸ்வரம் ஒத்துவராது, புல்லாங்குழல்தான். உட்காருங்கள். புதுக் கண்ணாடி ஒட்டிய பசை காய வேண்டும், அதுவரை போனைத் தொடக் கூடாது. சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். ஊருக்குள் போனால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நடந்ததைச் செய்தவன் வாயாலேயே கேட்டுக்கொள்வது நல்லதுதானே.

என் பெயர் சுடலைமணி. சார்ஜரும் ரீசார்ஜும் எல்லாக் கடையிலும்தான் கிடைக்கிறது. ரிங்டோன் என்றால் சீவலப்பேரியிலிருந்துகூட என்னைத் தேடித்தான் வருவார்கள். பால் ஊற்றுகிற முத்துராணிக்கு அவளுடைய எருமையின் குரலையே பிடித்து வைத்துக் கொடுத்தேன். இப்போது அவள் போன் அடித்தால் தொழுவத்திலிருந்து எருமை பதில் சொல்கிறது. மேலப்பாளையத்திலிருந்து துணி யாவாரத்துக்கு வரும் காஜா முகைதீன் அண்ணாச்சி, சவுதியில் இருக்கும் பேரனின் சிரிப்பை வைக்கச் சொன்னார். வம்புக்காரன் கூப்பிட்டாலும் பேரன்தான் சிரிக்கிறான் என்பதால், அண்ணாச்சி எப்போதும் சிரித்த முகத்தோடுதான் போனை எடுக்கிறார். என்னால் நாலு பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாட்டை அப்படியே தூக்கி வைப்பதற்குப் பெயர் ரிங்டோன் அல்ல. எங்கே வெட்டுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. சனங்களுக்குப் பொறுமை கிடையாது, பாட்டு சூடு பிடிப்பதற்குள் எடுத்து ‘அலோ’ என்றுவிடுவார்கள். அதனால் உச்சம் எதுவோ அதை முதலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். இந்த ஒரு நுணுக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணமாகிவிட்டது.

பரமசிவன் என் சித்தப்பா மகன். எனக்கு இளையவன், உரக்கடையில் மூட்டை எடுத்துப் போடுகிறவன். எங்கள் குடும்பத்துக்கு வயல்காட்டில் ஒரு மாடன் கோயில் உண்டு. வருஷா வருஷம் சித்திரையில் கொடைத் திருவிழா நடக்கும். என் அப்பாதான் சாமியாடி. மேளம் உச்சத்துக்குப் போகும்போது சாமி அவர்மேல் இறங்கும். ஊரே வரிசையில் நின்று கல்யாணம் எப்போது, கிணற்றில் தண்ணீர் வருமா என்று வாக்குக் கேட்கும். அப்பா போன பிறகு அடுத்தது நான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் ஆசை கிடையாது, இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் சொல்லுக்காகத்தான் விரதம் இருந்தேன், ஊர் சொல்லுக்காகத்தான் அப்பாவின் கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டு மதியக் கொடையில் போய் நின்றேன்.

மேளக்காரர்கள் அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். நான் கண்ணை மூடி நின்றேன். வெயில் சுட்டது, கால் சுட்டது, வேறு ஒன்றும் வரவில்லை. தோளைக் கொஞ்சம் அசைத்துக்கூடப் பார்த்தேன். அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ‘ஹேய்’ என்று ஒரு சத்தம் வந்தது. பரமசிவன். ஒரு கையில் பாதி உளுந்தவடை. முந்தின நாள் அவன் வீட்டில் அயிரைமீன் குழம்பு, வாசம் என் வீடு வரைக்கும் அடித்தது. விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சாமி என்னைத் தாண்டி அத்தனை தூரம் நடந்துபோய் அவன்மேல் இறங்கியிருக்கிறது. என் இடுப்பிலிருந்த கச்சையை அவிழ்த்து அவனுக்குக் கட்டினார்கள். அவிழ்த்துக் கொடுத்ததும் நான்தான். எனக்கு வருத்தமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு கொடைக்குக் கொடை சாமி அவன்மேல்தான். போன சித்திரைக் கொடை முடிந்து கொஞ்ச நாளில் பரமசிவன் கடைக்கு வந்தான்.

“யண்ணே, கடைக்குள்ள ஒரே எரைச்சலா கெடக்கு, போன் அடிச்சா காதுலயே விழமாட்டேங்கு. நல்லா சத்தமா ஏதாவது சாமி சங்கதி வச்சுக் குடேன்.”

சாமி சங்கதி என்று கேட்டது அவன்தான். அந்த வருஷக் கொடை மேளத்தை நான் பதிவு செய்து வைத்திருந்தேன். பக்கத்தில் நின்று பிடித்தது, வேட்டுச் சத்தம் இல்லை, பிள்ளை அழுகை இல்லை, அத்தனை சுத்தம். கோயிலில் மேளம் பையப் பைய ஏறித்தான் சாமியைக் கூட்டி வரும். நான் தொழில்முறைப்படி ஏற்றத்தை எல்லாம் வெட்டிவிட்டு, சாமி இறங்குகிற அந்த அரை நிமிடத்தை மட்டும் எடுத்து வைத்தேன். சரியாக வருகிறதா என்று பார்க்க, என் போனிலிருந்து கூப்பிட்டேன்.

மேளம் அடித்ததுதான் தாமதம், பரமசிவனின் தோள் குலுங்கியது. கண் மேலே செருகியது. கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு ‘ஹூம், ஹூம்’ என்று உறுமினான். போனுக்கு ஒட்டுகிற டெம்பர் கிளாஸ்கள் எல்லாம் கடகடவென்று ஆடின. நான் பதறிப்போய் அழைப்பைத் துண்டித்தேன். மேளம் நின்றது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “சத்தம் காணுமாண்ணே, போதுமா?” என்று கேட்டான்.

“தாராளமா காணும்லே” என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒரு சின்ன மாற்றம்தான். போனை வாங்கி, மற்றவர்கள் கூப்பிட்டால் சாதாரண மணியும், என் நம்பரிலிருந்து கூப்பிட்டால் மட்டும் மேளமும் அடிக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். கண்டவனெல்லாம் கூப்பிட்டுச் சாமியைத் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா?

அவன்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் வடை தின்கிறவன்மேல் சாமி வருமா என்கிற சந்தேகத்தை ஊருக்குத் தீர்த்துவைக்க வேண்டியது என் கடமை என்று பட்டது. கண்ட இடத்தில் ஆடினால் சனம் தானாகவே ‘இது சாமி இல்லை, நரம்புக் கோளாறு’ என்று புரிந்துகொள்ளும். அவன் ஜங்ஷனுக்குப் பஸ் ஏறுவதைப் பார்த்து, அது நடு வழியில் போகும் நேரம் கணக்குப் பண்ணி அழுத்தினேன். நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. பஸ்ஸே எழுந்து கும்பிட்டதாம். சாமி கண்டக்டரின் சட்டையைப் பிடித்து “ஒனக்கு என்னலே கொறை?” என்று கேட்க, அவர் “சில்லறைக் கொறைதான் சாமி” என்றாராம். அன்றைக்கு அத்தனை பேரும் சரியான சில்லறை கொடுத்தார்களாம். அடுத்த தடவை அவன் ஒரு பேங்கில் நின்றபோது அழுத்தினேன். பிடித்து வெளியே தள்ள வந்த காவலாளி திருநீறு பூசிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பரமசிவன் அந்தப் பேங்கில் வரிசையில் நின்றதே இல்லை. நான் மிதித்தால் அவன் முளைக்கிறான். சொல்லச் சொல்ல இப்போதும் வயிறு எரிகிறது. காரச்சேவு ஒத்துக்கொள்வதில்லை எனக்கு.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். பரமசிவனுக்கு ஒரே மகள், பிரியதர்ஷினி. நர்சிங் முடித்தவள், தங்கமான பிள்ளை. ஐப்பசியில் அவளைப் பெண் பார்க்கக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்தார்கள். அப்பளம் போட்டு விற்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மாள்தான் அங்கே எல்லாம். பையனும் பிள்ளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், கேசரி நன்றாக இருந்தது, கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். பெரியப்பன் முறையில் என்னை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். வடிவம்மாள் பரமசிவனைப் பார்த்து, “சாமியாடுத குடும்பத்துல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்” என்றாள். குடும்பம் என்றாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

துண்டுக்கு அடியில் கையை விட்டு அழுத்தினேன்.

பரமசிவனின் சட்டைப் பையிலிருந்து மேளம் கிளம்பியது. எழுந்தான், குதித்தான். கேசரித் தட்டு பறந்தது. வந்த வேகத்தில் நேரே என் முன்னால் நின்று, என் முகத்துக்குக் குனிந்து, “எதுக்குலே என்னையக் கூப்பிட்ட?” என்றது சாமி. பொய் சொல்லக் கூடாது, எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் மணி ஓய்ந்துவிட, கை தன் பாட்டுக்கு மறுபடி அழுத்தியது. அந்த ஒரு மூச்சு நேரம் சாமி ஒற்றைக் காலில் நின்றது. மேளம் திரும்பவும் வந்ததும் மற்றக் காலையும் ஊன்றிக்கொண்டு ஆடியது.

வடிவம்மாள் பயப்படவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்து கைகூப்பினாள்.

“எய்யா மாடா, தேடி வந்து நிக்கோம். இந்தச் சம்பந்தம் நல்லா அமையுமா? ஒரு வாக்கு சொல்லுய்யா.”

பிரியதர்ஷினி கதவைப் பிடித்தபடி நின்றாள். சாமி வாயைத் திறந்தது. நான் அழைப்பைத் துண்டித்தேன்.

மேளம் நின்றது. பரமசிவன் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

அவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு விரலை எடுத்தேன். வடிவம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. “கேட்டதுக்கு வாக்குக் குடுக்காம சாமி மலையேறிட்டே” என்றாள். சாமி பதில் சொல்லாமல் போனால் அது நல்லதுக்கில்லை என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போய்விட்டுச் சொல்லுகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். சொல்லவில்லை.

கண்டுபிடித்தது பிரியதர்ஷினிதான். அப்பா ஆடிய நேரத்தையெல்லாம் அவர் போனில் ஒத்துப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில், பேங்கில், பெண் பார்த்த அன்றைக்கு, எல்லா நேரத்திலும் எடுக்காத அழைப்பு ஒன்று: ‘சுடலைமணி அண்ணன்’. இத்தனை வருஷம் போன் தொழில் பார்க்கிறவன், கூப்பிட்டால் பெயர் பதியும் என்பதை மறந்துவிட்டேன். கெட்ட எண்ணம் உள்ளவனாக இருந்தால் மறப்பேனா, சொல்லுங்கள். கோபத்தில் அவள் அந்த மேளத்தை அப்பாவின் போனிலிருந்து அழித்துவிட்டு, வடிவம்மாளைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்.

வடிவம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? “கூப்பிட்டது எவனா இருந்தா என்னட்டி? வந்தது சாமிதான. பாதியில நின்ன வாக்கு மிச்சம் இருக்குல்லா. அத மட்டும் கேட்டுக்கிடுதேன், தையில கல்யாணத்த வச்சிருவோம். அது தெரியாம என்னால எம் பிள்ளைக்கு முடிச்சுப் போட முடியாதும்மா. தை தாண்டுனா வேற எடம் பாக்க வேண்டியதுதான்.”

கொடைக்குப் பந்தக்கால் நாட்டாமல் மேளக்காரர்களை வைத்து அடிக்கக் கூடாது, அது சித்திரையில்தான். ஊரில் மற்றவர்கள் பிடித்துவைத்த வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார்கள். வேட்டுச் சத்தத்துக்கு நடுவே மேளத்தைக் கேட்டுப் பரமசிவன் கொட்டாவிதான் விட்டான். அந்தச் சுத்தமான அரை நிமிடம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

பிரியதர்ஷினி போன வாரம் கடைக்கு வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூலில் உட்காராமல் நின்றாள்.

“பெரியப்பா, ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. அது பொறவு. இப்பம் அந்த மேளத்தத் தாங்க.”

“கம்ப்யூட்டர் அடி வாங்கிட்டும்மா. எல்லாம் அழிஞ்சு போச்சு” என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அப்படியே திரும்பிப் போய்விட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

அழியவில்லை. இதோ என் போனில்தான் மணியாக இருக்கிறது. உங்களிடம் சொல்வதில் என்ன, இன்னொன்றும் சொல்கிறேன். அன்றைக்குச் சாமி வாயைத் திறந்தபோது ‘நல்லா’ என்று வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. கேட்ட பிறகுதான் விரலை எடுத்தேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதைச் சரிசெய்யத்தான் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன். தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தடவை எனக்கு வந்துவிட்டால் போதும், மீதி வாக்கை வடிவம்மாளுக்கு நானே சொல்லிவிடுவேன். அவர்களுக்கும் வேண்டியது வாக்குதானே, அது யார் வாயிலிருந்து வந்தால் என்ன?

வீட்டுக்காரி செல்லக்கிளியை அவ்வப்போது கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். “எடுக்கவும் மாட்டேங்கிய, பேசவும் மாட்டேங்கிய, பெறகு எதுக்குக் கூப்பிடச் சொல்லுதிய?” என்று சலித்துக்கொள்கிறாள். ஆனாலும் கூப்பிட்டுவிடுவாள், நல்லவள்.

இருங்கள், அடிக்கிறது. அவள்தான். இல்லை, எடுக்க மாட்டேன், முழுதாக அடித்து முடியட்டும். அந்தக் காற்றாடியை மட்டும் நிறுத்திவிட்டு, என் தோளைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். ஆடுகிறதா?