நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

எனக்குக் கோந்து பிடிக்காது. விரலில் ஒட்டினால் இரண்டு நாளைக்குச் சோற்றில்கூட அந்த வாடைதான். ஆகவே அந்த வேலையை ஆசைப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர்.

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வானியல் மன்றத்துக்கு நான் தலைவர். ஞாயிறு மாலை ஓர் ஓட்டல் மாடியில் கூடுவோம். பாதிப் பேர் பிரபஞ்சத்துக்காக வருவார்கள், மீதிப் பேர் ரவா தோசைக்காக. நம் பால்வெளி போன்ற நட்சத்திர மண்டலங்களின் வடிவம் பிறப்பிலேயே அமைவது, அக்கம்பக்கத்தால் மாறாது என்று நான் ஒரு நூல் எழுதினேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

அறுபத்தாறாம் வருடம், படங்களை வகை பிரிக்க சேசுராஜை வைத்தோம். தாராவி தோல் கிடங்கில் தோலைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்பவன். ஒவ்வொரு அட்டையிலும் முன்பக்கம் ஒரு மண்டலத்தின் படம். பின்பக்கம் ஒட்டிய சீட்டில், அது வானத்தில் தனியாக இருக்கிறதா, கூட்டத்தில் இருக்கிறதா என்ற குறிப்பு. சீட்டைப் பாராமல் வடிவத்தை மட்டும் வைத்துப் பிரிக்க வேண்டும். பிரித்து முடித்துத் திருப்பினான். சுருள் மண்டலங்கள் பெரும்பாலும் தனியாக இருந்தவை. முட்டை வடிவ மண்டலங்கள் பெரும்பாலும் கூட்டத்தில் இருந்தவை. நட்சத்திரங்களின் ஓட்டத்தைப் பற்றியும் என் அலமாரியிலிருந்தே எடுத்துப் படித்திருந்தான்.

"தனியா கெடக்குற மண்டலத்துல நட்சத்திரம்லாம் ஒரே பக்கமா ஒழுங்கா சுத்துது சார். கூட்டத்துல திசைக்கொண்ணா ஓடுது. காலைல தாதர் டேசனைப் பாருங்களேன். இருக்க எடந்தான் சார் ஆளை உருட்டுது."

"யார்றா சொன்னா?"

"நீங்க குடுத்த படந்தான் சார் சொல்லுது."

சிரித்தான். சிரித்திருக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு உறுப்பினர்கள் முன்னால் மறுபடி பிரித்துக் காட்டுவதாக ஏற்பாடு. சரியாக வந்தால் நிரந்தர வேலை, மன்ற இதழில் அவன் பெயரிலேயே கட்டுரை என்று பொருளாளர் பிரம்மநாயகம் வாக்குக் கொடுத்துவிட்டார். தோசை உள்ளே போனதும் தாராளம் வெளியே வருகிற மனிதர். சனிக்கிழமை பிற்பகல் நான் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளை நனைத்து உரித்து, அட்டை மாற்றி ஒட்டினேன்.

ஞாயிறன்று அவன் படங்களைச் சரியாகத்தான் பிரித்தான். திருப்பினால் தனியும் கூட்டமும் இரண்டு பக்கமும் கலந்து கிடந்தன. மூன்று முறை எண்ணினான்.

"போன வாரம் நான் பாத்தேனே சார்."

"ஆசைப்பட்டா இல்லாததெல்லாம் தெரியும்டா," என்றேன், அன்பாக. "டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிக்கோ."

"ஜானே தோ, விட்டுத்தள்ளு சேசு," என்று பிரம்மநாயகம் சட்னிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டார்.

அதன்பின் கிடங்கில் ஒரே தோலை ஆறு தடவை புரட்டிப் பார்த்தானாம். அங்கேயும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவி ஜெயசீலி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அவுக கண்ணு சரிதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேங்காவ."

சொல்லியிருக்கலாம். நூலின் இரண்டாம் பதிப்பு அச்சில் இருந்தது.

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில், தண்டவாளத்தைக் கடக்கும்போது ஜெயசீலி "வண்டி வருது" என்று கத்தியிருக்கிறாள். அவனும் பார்த்திருக்கிறான். "நெசமாவே வருதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?" என்று நின்று கேட்டானாம்.

சீட்டுகளை மாற்றியது நான்தான். மறைக்கவில்லை. அவன் உண்மையைத்தான் கண்டான் என்பதும் அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் ரயிலை நான் ஓட்டவில்லை. கண் முன்னால் இருப்பதைக்கூட நம்ப மறுக்கிறவனுக்கு வானியல் எப்படி வரும், சொல்லுங்கள்?