துளைக்காரன்

“டீ ஆறுது, தோழர். அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டுக் குடிங்க. வெடிச்ச துண்டுல அது ஒட்டாது. ஏன்னு நானே சொல்றேன்.”

விசாரணை அதிகாரி காந்தத்தை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நான் சொன்னது இதுதான்.

என் பெயர் கொந்த்ராத். தூலா நகரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக யெஃபீமும் நானும் ஒரே மேசையில் வேலை செய்தோம். பழைய காலத்துத் துப்பாக்கிகளைக் கட்டைவிரல் நீளத்தில், பொன்னிலும் வெள்ளியிலும் செய்வோம். விசைப்பகுதி அவனுடையது, குழல் என்னுடையது. பொன் வெடியைத் தாங்காது. அதனால் உள்ளே மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றைச் செருகித் துளையிடுவேன். சுடாத துப்பாக்கியை எங்கள் ஊரில் பொம்மை என்பார்கள். அதில் பெயர் பொறித்தவன்தான் முதல் குண்டைச் சுட வேண்டும். பெயர் எப்போதும் யெஃபீமுடையது.

போன குளிர்காலத்தில் அருங்காட்சியகத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி செய்தோம். இந்த முறை என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். பட்டறையே கேட்கும்படி சிரித்தான்.

“துளைக்காரனுக்குப் பேர் வேணுமாம். துளையில எங்கடா பொறிக்கிறது, காத்துலயா?”

நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் எஃகுக்குப் பதிலாக வெள்ளிக் குழாயைச் செருகினேன். மெருகேற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் கூட்டாளியின் வேலையைக் காந்தம் வைத்துச் சோதிப்பது எங்களிடையே முகத்தில் துப்புவதற்குச் சமம். யெஃபீம் அதைச் செய்யமாட்டான். சொல்லக் கூசுகிறது, அதை நம்பித்தான் செய்தேன்.

குழல் பிதுங்கும், அருங்காட்சியகத்துக்கு வந்த விருந்தினர் முன்னால் அவன் தலைகுனிவான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி, துப்பாக்கியை முகத்தருகே பிடித்துத்தான் அவன் சுடுவான் என்பது எனக்குத் தெரியும். வழக்கமாக அவன் தோளை ஒட்டி நிற்பேன். அன்று மூன்றடி தள்ளி நின்றேன்.

குழல் வெடித்து அவன் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஏற்கெனவே புரை.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். அவன் மனைவி கிளஃபீரா முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டி சுட்டு வைப்பாள். யெஃபீம் தடவித் தடவிப் பெரிய துண்டாகப் பார்த்து எனக்குப் பிட்டுத் தருவான்.

“வெடிமருந்தை நான்தான்டா கூடப் போட்டுட்டேன். நீ போட்ட குழலாவது வெடிக்கிறதாவது. இந்தப் பாழாப்போன கையை இனி நம்ப மாட்டேன்.”

அதன்பின் அவன் ஒரு அரத்தைக்கூடத் தொடவில்லை. போன வாரம் தன் உருப்பெருக்கியை எனக்கே கொடுத்துவிட்டான்.

அதிகாரி எழுதி முடித்துத் தாளை என் பக்கம் நகர்த்தினார். முழுப் பெயரையும் எழுதினேன். எழுத்து அழகாக வந்திருந்ததைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு, தோழர். பொண்டாட்டியையும் என்னையும் தவிர யாரையும் அவன் பக்கத்துல விடறதில்ல. உண்மை தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான். அவனுக்காகத்தான் கேட்கறேன். அவன் கை மேல தப்பே இல்லைன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லாம இருக்க முடியுமா?”