சதுக்கத்து ஜன்னலில் எரிந்த விளக்கு

கிட்ட வந்து இருங்கள். விளக்கை மட்டும் யாரும் ஊத வேண்டாம், கதை முடியட்டும்.

இது நம்ம ஹமீட்டின் சாச்சா சாலிஹுக்கு நடந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். காத்தான்குடித் தறியில் நெய்த கைலிச் சாரத்தைக் கொச்சிவரை கொண்டுபோய் விற்றுக் காட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் புறப்பட்ட மனிதர்.

வெள்ளிக்கிழமை, மஃரிப் தொழுகைக்குச் சற்றுப் பிந்தி. கொச்சியில் யூதர்களின் பழைய தெரு போய் முடிகிற சதுக்கம். கடைகளெல்லாம் பலகை போட்டாயிற்று. ஆள் நடமாட்டம் இல்லை... மிளகு வாசம் மட்டும். அந்த நேரம் பார்த்து அங்கே சரக்கு விற்கப் போன ஒரே மனிதர் நம் சாலிஹாகத்தான் இருப்பார். யூதர்களுக்கு வெள்ளி பொழுது சாய்ந்தாலே ஓய்வுநாள். மறுநாள் இருட்டும்வரை நெருப்பைத் தொட மாட்டார்கள். முன்கூட்டியே ஏற்றி வைத்த விளக்குத்தான் வீட்டுக்கு வெளிச்சம். இதெல்லாம் சாலிஹுக்குத் தெரியாது.

சதுக்கத்தின் மூலையில் ஒரு வீடு. திறந்த ஜன்னல். உள்ளே மேசையில் ஒரு விளக்கு எரிகிறது. பக்கத்தில் ஆள் இல்லை.

நெசவு ஊர்க்காரருக்கு அது பொறுக்குமா? வீட்டுக்கு வீடு நூல் குவிந்து கிடக்கிற ஊர் நம்முடையது. காவலில்லாத விளக்கைக் கண்டால், யார் வீடானாலும் எட்டி ஊதி அணைத்துவிட்டுத்தான் போவோம். சாலிஹும் தலையை நீட்டினார். ஊதினார்.

திரிப் புகை மூக்கில் ஏறியது. உள்ளே... நாற்காலி ஒன்று தரையில் உரசியது. பிறகு ஒரு பெண் குரல். கோபமே இல்லை. மலையாளம்தான், ஆனாலும் புரிந்தது. இனி இதை யார் ஏற்றுவது என்று கேட்டது.

சாலிஹ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தீக்குச்சியைக் கிழித்தார். வெளிச்சத்தில் நாற்காலி தெரிந்தது. அதில் யாரும் இல்லை. மேசையில் விரலளவு தூசி. விளக்கில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை.

ஓடினார். சாரமூட்டையை விடாமல் ஓடினாராம், அதை ஒரு வீரமாகத்தான் ஹமீட் சொல்லுவான்.

ரயில், கப்பல், மறுபடி ரயில். வழியெல்லாம் திரி கருகிய வாசம். கூட்டம் பிதுங்கிய பெட்டியிலும் அவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. தன் வியர்வை நாற்றம் என்று நினைத்து இரண்டு தரம் அத்தர் பூசினார். யாரும் வந்து உட்காரவில்லை.

மட்டக்களப்பில் இறங்கி நல்லரத்தினத்தின் மாட்டுவண்டியில் ஏறினார். கல்லடிப் பாலம். கீழே வாவி, சலனமே இல்லை. நடுப் பாலத்தில் மாடு நின்றது. நல்லரத்தினம் திரும்பாமலே சொன்னான்:

"ரெண்டு பேரும் கொஞ்சம் முன்னுக்கு வந்து இரிங்க. பாரம் பின்னுக்கு இழுக்குது."

சாலிஹ் பின்னால் பார்க்கவில்லை. நானாக இருந்தால் வாவிக்குள் குதித்திருப்பேன், நீந்தத் தெரியாவிட்டாலும்.

வீட்டில் மனைவி நபீஸா ஏழு மாதம். தலைப்பிள்ளை. தனக்கு என்ன வந்தாலும் வரட்டும், அது அவளை அண்டக் கூடாது. கூடவே வந்ததா, பாலத்தோடு நின்றதா? சொன்னால் பிள்ளைத்தாச்சி பயந்துவிடுவாள். கொச்சியைப் பற்றி வாயே திறக்காமல் மூலை மூலையாக முகர்ந்து திரிந்தார், கருவாட்டைத் தேடும் பூனை மாதிரி. திங்கள் போனது. செவ்வாய் போனது. ஒரு வாசமும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். வாசலில் வழக்கமான விளக்கு. நெசவறை மூலையில் இன்னொன்று, நூல்கட்டுகளுக்கு நடுவே. பக்கத்தில் ஆள் இல்லை.

ஊத வாயைக் குவித்தவர் அப்படியே நின்றார்.

ஏன் இரண்டு விளக்கு என்று கேட்டார். எண்ணெய் மிஞ்சிக் கிடந்தது என்றாள் நபீஸா. மறுபடியும் கேட்டார். கொச்சிக்குப் போய் வந்தவருக்கு இருட்டென்றால் பயமா என்று சிரித்தாள். மூன்றாம் தரம் அவள் கையைப் பிடித்தார்.

"உள்ளதைச் சொல்லு புள்ள."

நபீஸா மூலையை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மூலையில ஒரு மனிசி இருக்கா. தான் இண்டைக்கு நெருப்பத் தொடக் கூடாதாம், பத்த வெச்சுத் தாங்க எண்டு கேட்டா. நமக்குப் புறகு... நம்மட மகள் பத்த வெப்பாளாம்."